மதிலோரத்தில் ஒரு மொழி வேண்டுகோள்: செப்னா என்னும் சம்பிரதி

எபிரேய வேதநூல்களில் அரசர்களும் இறைவாக்கினர்களும் பேசும் இடங்களே மிகுதி. அரண்மனையில் கணக்கெழுதியோரும் முடங்கல் வரைந்தோரும் ஓரிரு வரிகளில் தோன்றி மறைந்துவிடுகின்றனர். அத்தகையோருள் ஒருவரையே இவ்வுரையில் எடுத்துக்கொள்கிறோம். அவர் பெயர் செப்னா. யூதா நாட்டை எசேக்கியா ஆண்ட காலத்தில், கி.மு. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில், எருசலேமில் அரசப் பணியில் இருந்தவர். ஏசாயா நூலிலும் அரசர்கள் இரண்டாம் நூலிலும் சில இடங்களில் மட்டுமே அவரைக் காண்கிறோம்.

தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு அவரைச் 'சம்பிரதி' என்று குறிக்கிறது. நம் பழைய கச்சேரிகளில் கணக்கும் எழுத்தும் பார்த்த அலுவலருக்கு வழங்கிய பெயர் அது. எபிரேயத்தில் உள்ள சொல்லுக்கு எழுத்தர் என்பது பொருள். ஆனால் அரசனுடைய எழுத்தர் வெறும் நகலெடுப்பவர் அல்லர். அயல்நாட்டு ஓலைகளைப் படித்து, மறுமொழி வரைந்து, பேச்சுவார்த்தைக்கும் செல்லவேண்டியவர் அவர். இன்று அமைச்சகச் செயலாளர் என்று சொன்னால் ஓரளவு பொருந்தும்.

கி.மு. 701இல் அசீரியப் பேரரசன் சனகெரிப் யூதாவின்மீது படையெடுத்தான். அரண்சூழ்ந்த 46 நகரங்களைப் பிடித்ததாகவும், எசேக்கியாவைக் கூண்டுப் பறவையைப்போல் எருசலேமுக்குள் அடைத்துவைத்ததாகவும் அவன் களிமண் பட்டகத்தில் எழுதிவைத்தான். லாகீஸ் நகரம் வீழ்ந்த காட்சியை நினிவே அரண்மனைச் சுவர்களில் செதுக்கச் செய்தான். அச்சிற்பங்கள் இன்று இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கப்பம் பற்றி இரு தரப்புப் பதிவுகளும் உள்ளன. பொன் 30 தாலந்து என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன. வெள்ளியை விவிலியம் 300 என்கிறது. அசீரியக் கணக்கோ 800 என்கிறது. வென்றவன் கணக்கு பெருகுவதும் கொடுத்தவன் கணக்கு சுருங்குவதும் புதிதன்று.

எருசலேமின் மதிலருகே, மேற்குளத்துக் கால்வாயோரம், அசீரியத் தூதன் ரப்சாக்கே வந்து நின்றான். ரப்சாக்கே என்பது இயற்பெயரன்று. அரசனுக்குப் பானம் ஏந்துவோரின் தலைவன் என்னும் பதவிப் பெயர். அவனை எதிர்கொள்ள மூவர் வெளியே சென்றனர்: அரண்மனைப் பொறுப்பாளர் எலியாக்கீம், சம்பிரதி செப்னா, பதிவாளர் யோவாக். ரப்சாக்கே யூதா மக்களின் மொழியிலேயே பேசத் தொடங்கினான். எகிப்தை நம்புவது நாணலில் சாய்வதற்கு ஒப்பாகும், அது ஊன்றியவன் கையைத்தான் குத்தும் என்றான். அவ்வேளையில் மூவரும் அவனிடம் ஒரு வேண்டுகோள் வைத்தனர். அரமேய மொழியில் பேசும், அது எங்களுக்கு விளங்கும். மதில்மேல் இருப்போர் செவியில் விழுமாறு எங்கள் மொழியில் பேசவேண்டா என்பதே அதன் கருத்து.

நாம் நின்று நோக்கவேண்டிய இடம் இது. அரமேயம் அக்காலத்தில் அசீரியப் பேரரசின் மேற்குப் பகுதியில் ஆட்சிக்கும் வணிகத்துக்கும் பொதுமொழியாகிக்கொண்டிருந்தது. செப்னாவைப் போன்றோர் அதைக் கற்றிருந்தனர். மதில்மேல் காவல் நின்றவர்கள் கற்றிருக்கவில்லை. ஒரே நகரத்துக்குள், தம் உயிரைப் பற்றிய பேச்சு புரிந்தவர் சிலர், புரியாதவர் பலர். அந்தப் பிளவை அப்படியே காத்துக்கொள்ளத்தான் அலுவலர்கள் விரும்பினர்.

அவர்களை மக்களுக்குப் பகைவர் என்று எளிதில் தீர்ப்பிடலாமா? முற்றுகைக் காலத்தில் காவலர் மனம் தளர்ந்தால் மதிலும் தளரும். அந்த அச்சம் நியாயமானதே. ரப்சாக்கேயின் நோக்கமும் தூயதன்று. முற்றுகை நீண்டால் தம் கழிவையே உண்டு பருகப்போகிறவர்கள் இந்த மதில்மேல் இருப்பவர்கள் அல்லவா, அவர்களிடமும் பேசவே என் தலைவன் அனுப்பினான் என்று சொல்லி, முன்னிலும் உரத்த குரலில் மக்கள் மொழியிலேயே முழங்கினான். மக்களின் தாய்மொழியை அன்று நன்கு கையாண்டவன் அவர்களை நாடு கடத்த வந்தவன். தாய்மொழியில் பேசுகிறவரெல்லாம் நம்மவர் என்று நம்புவோர் இப்பகுதியைப் படிக்கவேண்டும். எனினும், சாகப்போகிறவன் காரணத்தை அறியக்கூடாது என்ற அந்த வேண்டுகோளை நம்மால் முழுதும் ஏற்க இயலவில்லை. மக்களோ மறுமொழி ஏதும் சொல்லவில்லை. அரசன் கட்டளைப்படி மௌனமாக இருந்தனர்.

மொழி வரலாற்றுக்கு இக்காட்சி தரும் செய்தி ஒன்றுண்டு. எபிரேய வேதநூல்களில் அம்மொழி எங்கும் 'எபிரேயம்' எனப் பெயர் பெறவில்லை. ஓரிடத்தில் கானானின் மொழி எனப்படுகிறது; மற்ற சில இடங்களில் 'யூத மொழி'. அவ்விரண்டாம் பெயர் வருமிடங்களுள் பெரும்பாலானவை இம்மதிலோரக் காட்சியைச் சொல்பவை. பேசாதீர் என்று கேட்டுக்கொள்ளப்பட்டபோதுதான் அம்மொழிக்குப் பெயர் கிடைத்தது போலும். பின்னர் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில், அஸ்தோத்து முதலிய அயலாரின் மொழிகளைப் பேசிய பிள்ளைகளுக்கு யூத மொழி பேசத் தெரியவில்லை என்று நெகேமியா சினந்தார். எஸ்றா, தானியேல் நூல்களின் சில பகுதிகள் அரமேயத்திலேயே உள்ளன. செப்னா காலத்தில் அலுவலர் அறிந்திருந்த மொழி, சில நூற்றாண்டுகளில் வீட்டு மொழியும் ஆயிற்று.

செப்னாவைப் பற்றி ஏசாயா 22ஆம் அதிகாரத்தில் வேறொரு செய்தி உண்டு. அங்கே அவர் சம்பிரதி அல்லர், அரண்மனைப் பொறுப்பாளர். உயரமான பாறையில் தமக்கென ஒரு கல்லறையைக் குடைந்துகொண்டதற்காக ஏசாயா அவரைக் கடிந்து, பதவி எலியாக்கீமுக்குப் போகும் என்கிறார். மதிலோரத்தில் எலியாக்கீம் அப்பதவியில் இருக்கிறார், செப்னா ஒருபடி கீழே இருக்கிறார். இருவரும் ஒரே செப்னா என்றே அறிஞர் பலர் கொள்வர். தந்தை பெயர் சொல்லப்படாமையால் அவர் அயல்நாட்டவர் என்பாரும் உளர். ஒரு மௌனத்தின்மேல் இவ்வளவு பாரம் ஏற்றவேண்டியதில்லை. யூத மரபின் தல்மூது நூலோ இன்னும் கடுமையானது. சரணடைய விரும்பிய கட்சிக்குத் தலைவராகி, அம்பில் ஓலை கட்டிப் பகைவர்க்கு எய்தார் என்று கதை சொல்கிறது. விவிலியத்தில் அதற்குச் சான்றில்லை. அங்கு நாம் காண்பது வேறு. தூதன் போனபின், இரட்டு உடுத்தி, தம்மைப் பழித்த ஏசாயாவிடமே செப்னா அரசனுக்காகச் செல்கிறார். பழைய பகை பற்றி ஒரு சொல்லும் இல்லை.

எருசலேமுக்கு எதிரே, கிதரோன் பள்ளத்தாக்கின் கிழக்குச் சரிவில், சில்வான் என்னும் ஊர் உள்ளது. 1870இல் அங்கே ஒரு பாறைக் கல்லறையின் வாயில்மேல் எழுத்துகளைக் கிளர்மோன்-கன்னோ என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்டார். கல் பெயர்க்கப்பட்டு இலண்டன் சென்றது. சிதைந்திருந்த எழுத்துகளை நாமான் அவிகாத் படித்து 1953இல் வெளியிட்டார். அரண்மனைப் பொறுப்பாளர் ஒருவரின் கல்லறை அது. உள்ளே வெள்ளியும் பொன்னும் இல்லை, தம் எலும்பும் தம் பணிப்பெண்ணின் எலும்பும் மட்டுமே உள்ளன, திறப்பவன் சபிக்கப்படுவானாக என்று அதில் பொறித்துள்ளனர். பெயரின் முற்பகுதி உடைந்துபோயிற்று. 'யாகு' என்னும் ஈறு மட்டும் எஞ்சியுள்ளது. செப்னா என்பது செபன்யாகு என்பதன் குறுக்கமாதலால் அது இவருடையதே என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர். உடைந்த கல் அதற்குமேல் உறுதி தரவில்லை. எழுத்து அக்காலத்திற்குரியது, பதவி அதுவே, இடமும் பொருந்துகிறது. கல்லறையைத் திறக்க வருபவர் எவராயினும் படித்து விலகிச் செல்லவேண்டும் என்று எண்ணிய அந்த அலுவலர், சாபத்தை அரமேயத்தில் எழுதவில்லை. மதில்மேல் இருந்தவர்களின் மொழியிலேயே எழுதுவித்தார்.