சுங்கம் தவிர்த்தலும் சுங்க நடைமுறையும்

முதற் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றொரு பெயர் உண்டு. அப்பெயரை நாம் பெருமையோடு சொல்லிவருகிறோம். ஆயினும் சுங்கமே இல்லாத அரசு அரிது. வள்ளுவரும் உல்கு பொருளை வேந்தனுக்கு உரியதாகவே வைத்தார். காவிரிப்பூம்பட்டினத்தில் உல்கு கொள்வோர் பொதிகளின்மேல் புலிப்பொறி இட்ட செய்தி பட்டினப்பாலையில் உள்ளது. பொருளை இன்னதென்று அடையாளப்படுத்திய பின்னரே அதனைத் துறையினின்று விடுத்தனர். இன்றைய சுங்கப் பத்திரம் செய்வதும் ஏறத்தாழ இதுவே.

ஜோகூரின் கதை வேறு. 1819-இல் நிறுவப்பட்ட சிங்கப்பூர், தீர்வையற்ற துறைமுகமாக வளர்ந்தது. நீரிணைக்கு இப்பால் ஆற்றங்கரைகளில் சீனர் விளைத்த மிளகும் காம்பியரும் அவ்வழியே உலகச் சந்தையை அடைந்தன. 1924-இல் முறையாகத் திறக்கப்பெற்ற கடற்பாலம் அப்போக்கை மேலும் உறுதிப்படுத்தியது. வரியில்லாத் துறை கண்ணெதிரே இருக்கையில், எந்தக் கப்பல் இக்கரையை நாடும்? பாசிர் கூடாங் துறைமுகம் 1977-இல்தான் இயங்கத் தொடங்கியது. தஞ்சோங் பெலெப்பாஸ் 1999-இல். மறு ஆண்டே மெர்ஸ்க் நிறுவனம் தன் சரக்கு மாற்றுப் பணியைச் சிங்கப்பூரிலிருந்து அங்கே பெயர்த்தது.

இத்துறைமுகங்களுக்குத் துணைநின்றது சட்டம். 1990-ஆம் ஆண்டின் தீர்வையற்ற மண்டலச் சட்டப்படி, அத்தகைய மண்டலத்தில் உள்ள சரக்கு, தீர்வையைப் பொறுத்தவரை, நாட்டிற்கு வெளியே இருப்பதாகக் கொள்ளப்படுகிறது. அங்கு வந்து இறங்கி வேறு கப்பலில் ஏறும் பெட்டிக்கு இறக்குமதித் தீர்வை எழுவதில்லை. ஏற்றுமதிக்கென உற்பத்தி செய்யும் ஆலைகளுக்கு, 1967-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 65அ பிரிவு, உரிமம் பெற்ற உற்பத்திக் கிடங்கு என்னும் வழியைத் திறந்தது. இவை பெருநிறுவனங்கள் நன்கறிந்த வழிகள்; அவற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நம்மவர் பலர் அறியாதது அதே சட்டத்தின் 93-ஆம் பிரிவு. தமிழகத்திலிருந்து எவர்சில்வர் பாத்திரங்களை வருவித்த ஜோகூர் பாரு வணிகர் ஒருவர் 1,000 ரிங்கிட் தீர்வை செலுத்தினார் எனக் கொள்வோம். அச்சரக்கு இங்கே விலைபோகவில்லை. பாத்தாமில் வாங்குவோர் கிடைத்தனர். வந்த நிலையிலேயே, பயன்படுத்தப்படாமல், குறித்த காலத்திற்குள் அதனை மறு ஏற்றுமதி செய்தால் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது 900 ரிங்கிட், திரும்பப் பெறலாம். இது சலுகைக்காகக் கெஞ்சுவதன்று, ஏய்ப்பும் அன்று. இதற்குத் தமிழில் நிலைபெற்ற ஒரு சொல் இல்லாமையை நாம் ஒரு குறையாகவே எண்ணுகிறோம். 'தீர்வை மீட்பு' எனலாம். பெயரே அறியாத ஒன்றை எவரும் அலுவலகத்தில் கேட்டுப் பெறுவதில்லை.

ஒன்றை மட்டும் நினைவூட்டுவோம். வந்த சரக்கும் போகும் சரக்கும் ஒன்றே என்று சுங்க அதிகாரி நிறைவுறக் காண வேண்டும். தீர்வை செலுத்திய பற்றுச்சீட்டும் இறக்குமதிப் பத்திரமும் கையில் இருக்க வேண்டும். பொதிகள் கப்பலேறிய பிறகு இவற்றைத் தேடிப் பயனில்லை.