வாசல் கதவுக்கு உள்ளே: இங்கிலாந்தில் வீட்டுப் பராமரிப்பின் கதை

மூன்று வருடத்துக்கு முன் என் மாமிக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இயங்காமற் போய்விட்டது. கணவருக்குப் பகல் வேலை, எனக்குச் சான்விச் செய்யும் தொழிற்சாலையில் இரவு வேலை. எனவே கவுன்சில் ஒரு ஏஜென்சி மூலம் காலையும் மாலையும் ஒரு கெயரரை அனுப்புகிறது. "மாமியாரை வெள்ளைக்காரரிட்டையும் காப்பிலியளிட்டையும் விட்டுட்டாள்" என்று எம்மவர் சிலர் கதைத்ததும் எனக்குத் தெரியும். கதைத்தவர்கள் ஒருவரும் வந்து மாமியைத் தூக்கிவிடவில்லை.

ஒருநாள் காலை நான் வேலையால் வந்தபோது மேசையில் கிடந்த பதிவுக் கோப்பில், 8 மணி முதல் 8.30 வரை உடம்பு துடைத்து, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுத்ததாக எழுதியிருந்தது. மாமியோ இரவு உடுப்போடு கிடந்தா. தேத்தண்ணி ஆடை படிந்து பக்கத்தில் இருந்தது. கேட்டதற்கு, "அந்தப் பிள்ளை பாவம், ஓடி வந்து ஓடிப் போட்டுது. ஆரிட்டையும் சொல்லிப்போடாதை" என்றா.

எங்கள் தொழிற்சாலையில் குளிர் அறையின் சூட்டை மணிக்கொரு தடவை எழுதுகிறோம். கணக்குப் பிழைத்தால் ஒரு தட்டு முழுவதையும் கொட்டுவார்கள். ஒரு துண்டுப் பாணுக்கு இவ்வளவு விதியென்றால், எழும்ப முடியாத மனிசிக்கு என்ன விதி இருக்கிறது என்று அன்றுதான் யோசித்தேன். ஏ.எல்லோடு படிப்பை விட்டவள் நான். இருந்தாலும் நூல்நிலையத்தில் தேடி வாசித்தேன். அப்படி அறிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இது இங்கிலாந்தின் கதை மட்டும். ஸ்கொட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் சட்டம் வேறு.

இந்த நாட்டில் அரச உதவியாக வீட்டுக்கு ஆள் அனுப்பும் வழக்கம் முதலில் பிள்ளை பெற்ற தாய்மாருக்காகவே வந்தது. 1918ஆம் ஆண்டின் தாய் சேய் நலச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசிக் காலத்தில் அது முதியோருக்கும் நோயாளருக்கும் விரிந்தது. 1946இன் தேசிய சுகாதார சேவைச் சட்டம், வீட்டு உதவியாளரை உள்ளூராட்சி சபைகள் வழங்க'லாம்' என்றது. வழங்க 'வேண்டும்' என்று கடமையாக்கியது 1968இன் சட்டம். அந்த நாளைய உதவியாளர் பெரும்பாலும் அயலில் வசித்த நடுத்தர வயதுப் பெண்கள். கூட்டுவது, சமைப்பது, கடைக்குப் போவது இவர்கள் வேலை. உடம்பைத் தொட்டுச் செய்யும் வேலையைத் தாதிமார் பார்த்தார்கள். நாளடைவில் குளிப்பாட்டுவதும் மருந்து கொடுப்பதும் இவர்கள் தலையில் வந்து விழுந்தன.

என்னை ஆச்சரியப்படுத்திய விஷயம் ஒன்று உண்டு. தாதிமார் இல்லங்களைப் பதிவுசெய்ய வேண்டும் என்று 1927இலேயே சட்டம் வந்துவிட்டது. முதியோர் இல்லங்களுக்கு 1984இல் இன்னொரு சட்டம். ஆனால் ஒருவர் சொந்த வீட்டில் கிடந்து பராமரிப்புப் பெற்றால், அந்த வேலையைச் செய்யும் ஏஜென்சியைப் பதிவுசெய்யவோ சோதிக்கவோ நாட்டுக்கு ஒரு பொதுச் சட்டம் இருக்கவில்லை. வீடு என்பது தனியார் இடம், உள்ளே அரசாங்கத்துக்கு என்ன வேலை என்ற எண்ணம் ஒரு காரணம். வந்தவர் கவுன்சிலின் சொந்த வேலையாள், தவறு செய்தால் கவுன்சிலே பதில் சொல்லும் என்பது மற்றக் காரணம்.

இந்த இரண்டாவது காரணம் 1993இல் உடைந்தது. சேர் ரோய் கிரிபித்ஸ் என்பவரின் 1988 அறிக்கைதான் இதற்கு அடி. அவர் செயின்ஸ்பரி சுப்பர்மார்க்கெற்றை நடத்தியவர். கவுன்சில் தானே எல்லாம் செய்யாமல், தேவையை மதிப்பிட்டு வெளியில் வாங்கிக் கொடுக்கலாம் என்றார். 1990இன் சட்டம் 1993 ஏப்ரலில் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, இதற்கென மாற்றிய பணத்தில் நூற்றுக்கு 85 பங்கைக் கவுன்சிலுக்கு வெளியேதான் செலவழிக்க வேண்டும் என்று மத்திய அரசாங்கம் நிபந்தனை போட்டது. 1992இல் கவுன்சில்கள் பணம் கொடுத்த வீட்டு உதவி மணித்தியாலங்களில் நூற்றுக்கு 2தான் வெளியாரிடம் இருந்தது. 2000ஆம் ஆண்டில் பாதிக்கு மேல். வேலை கைமாறிய இந்த வேகத்தில் சட்டம் கைமாறவில்லை. ஒரு ரெலிபோனும் மேசையும் இருந்தால் ஏஜென்சி தொடங்கலாம் என்ற நிலை பத்து வருடம் நீடித்தது.

2000இல் பராமரிப்புத் தரச் சட்டம் வந்தது. 2003இல் வீட்டுப் பராமரிப்புக்கென 27 குறைந்தபட்சத் தரங்கள் வெளியாகின. எழுத்திலான பராமரிப்புத் திட்டம், வீட்டிலேயே வைக்கும் பதிவு, வேலையாளின் அடையாள அட்டை, முறைப்பாட்டு வழி எல்லாம் இதில் வந்தவைதான். மேசையில் கிடக்கும் அந்தக் கோப்புக்கே இவ்வளவுதான் வயது! மேற்பார்வை செய்த ஆணைக்குழு மட்டும் 2002, 2004, 2009 என்று மூன்று பெயரில் மாறியது. இப்போதிருப்பது பராமரிப்புத் தர ஆணைக்குழு, சி.கியூ.சி. அந்த 27 தரங்களும் 2010இல் நீக்கப்பட்டு வேறு விதிகள் வந்தன.

விதி வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2013 ஜனவரியில் சரே பகுதியில் நடந்ததை நாங்கள் அகதிகள் என்ற முறையில் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். விசா இல்லாதவர்களைப் பிடிக்கவென்று குடிவரவு அதிகாரிகள் ஒரு ஏஜென்சிக்குள் புகுந்தார்கள். ஏஜென்சி நின்றுபோனது. அதனிடம் நாளுக்கு நாலு தடவை உதவி பெற்றுவந்த 81 வயது அம்மா ஒருவரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஒன்பது நாட்களுக்குப் பிறகு தற்செயலாகப் போன தாதி ஒருவர் கண்டார். ஆஸ்பத்திரியில் அந்த அம்மா இறந்துபோனா. கவுன்சிலுக்கு முன்கூட்டியே தகவல் போயிருந்தது என்று பிறகு தெரியவந்தது. பிடிக்கப் போனவர்களுக்கு ஆட்களின் பட்டியல் இருந்தது. பராமரிக்கப்பட்டவர்களின் பட்டியலைத்தான் ஒருவரும் கையில் எடுக்கவில்லை.

15 நிமிட வருகைகளை 2011இல் மனித உரிமை ஆணைக்குழுவின் விசாரணை கண்டித்தது. அரை மணிக்குக் குறைந்த வருகை, தெரிந்த கெயரர் வந்து, மருந்து கொடுப்பது போன்ற குறித்த ஒரு வேலைக்காகவோ சுகம் பார்ப்பதற்காகவோ மட்டும் இருக்கலாம் என்று 2015இல் நைஸ் அமைப்பு வழிகாட்டியது. இது வழிகாட்டல், சட்டம் அல்ல. கவுன்சில் பணம் கொடுக்கும் வீட்டுப் பராமரிப்பையும் மனித உரிமைச் சட்டத்துக்குள் தெளிவாகக் கொண்டுவந்தது 2014இன் பராமரிப்புச் சட்டம். சி.கியூ.சி.யைப் பற்றி அரசாங்கம் 2024இல் செய்வித்த ஆய்வில், அது சோதிக்க வேண்டிய இடங்களில் ஐந்தில் ஒன்றுக்கு ஒருதடவைகூடத் தரம் இடப்படவில்லை என்று தெரிந்தது.

இன்ஸ்பெக்ரர் வந்தாலும் பெரும்பாலும் ஏஜென்சியின் கந்தோருக்குத்தான் வருவார். ஒவ்வொரு வீட்டுப் படுக்கையறைக்கும் அவரால் போகவும் முடியாது. அங்கே நடப்பதைக் காண்பவர்கள் கிடப்பவரும் கெயரரும் வீட்டாரும்தான். எங்கட சனம் "ஏன் வீண் பிரச்சினை, உள்ளதையும் நிற்பாட்டிப் போடுவாங்கள்" என்று வாய் திறக்காது. கெயரர்களுக்கோ வேறு பயம். 2022 பெப்ரவரியில் வெளிநாட்டுக் கெயரர்களுக்கு விசா திறந்து, 2025 ஜூலையில் புதிதாக வருவோருக்கு மூடினார்கள். இடையில் வந்தவர்களின் விசா முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போனால் நாட்டில் நிற்பதே கேள்வி.

எங்கள் வீட்டுக்கு வந்த பிள்ளையும் அப்படி வந்தவள்தான். கோபமாய்க் கேட்கப் போன நான், அவள் தன்னுடைய ரைம்ரேபிளைக் காட்டியதும் பேசாமல் நின்றேன். ஒரு வீடு முடியும் நிமிடத்திலேயே அடுத்த வீடு தொடங்குகிறது. இடையில் பஸ்சுக்கு ஒரு நிமிடமும் இல்லை. "அக்கா, என்ர பேரை எழுதாதேங்கோ" என்ற பொருளில் ஆங்கிலத்தில் கெஞ்சினாள்.

நான் அவள் பேரை எழுதவில்லை. நாலு நாட்கள் வந்த நேரமும் போன நேரமும் குறித்து, பயண நேரம் ஏன் இல்லை என்று ஏஜென்சிக்குக் கடிதம் போட்டேன். பிரதியைக் கவுன்சிலுக்கும் அனுப்பினேன். ஏஜென்சியும் கவுன்சிலும் சரியான பதில் தராவிட்டால் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், செலவில்லை. சி.கியூ.சி. தனி முறைப்பாட்டைத் தீர்க்காது, ஆனால் தகவலைப் பதிவுசெய்யும். ஆங்கிலம் எழுதக் கஷ்டமென்றால் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள்.

ஐந்து கிழமையில் பதில் வந்தது. இப்போது அவள் 8.10க்கு வந்து 8.40க்குப் போகிறாள். கோப்பிலும் 8.10 என்றுதான் எழுதுகிறாள்.