பெருநீல வண்ணத்துப்பூச்சி: இங்கிலாந்தில் அழிவும் மீட்பும்

பெருநீல வண்ணத்துப்பூச்சி, ஐரோப்பாவின் வறண்ட புல்வெளிச் சரிவுகளில் வாழும் ஓர் இனம். 1758-இல் இதற்கு அறிவியல் பெயர் இட்டவர் லின்னேயசு. தென் இங்கிலாந்தில் இருந்த இதன் கூட்டங்கள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே குறைந்து வந்தன. 1979-இல் இது அந்நாட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது.

பழி முதலில் விழுந்தது, வலையுடன் அலைந்த சேகரிப்பாளர்கள் மேல். அவர்களைத் தடுக்க வேலி போட்டார்கள். வேலி ஆட்களோடு ஆடுமாடுகளையும் சேர்த்துத் தடுத்தது, உள்ளே புல் உயர்ந்தது, பூச்சியோ மறைந்தது. இதன் காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை.

விடை இதன் வாழ்க்கைச் சுழற்சியில் இருந்தது. பெண் பூச்சி காட்டுத் தைம் செடியின் மொட்டுகளில் முட்டையிடும். புழு இரண்டு மூன்று வாரம் பூவைத் தின்றுவிட்டுத் தரையில் விழும். அதன் உடலில் சுரக்கும் இனிப்பு நீரும் மணமும் சிவப்பு எறும்பை ஏமாற்றிவிடும். தன் இனத்துப் புழு என்று நினைத்து எறும்பு அதைப் புற்றுக்குத் தூக்கிச் செல்லும். விருந்தாளி அங்கே சுமார் பத்து மாதம் தங்கி எறும்புக் குஞ்சுகளையே தின்று வளரும்! பிறகு அங்கேயே கூட்டுப்புழுவாகி, கோடையில் பூச்சியாக வெளிவரும். இவ்வளவும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரோஹாக், பியூர்ஃபாய் ஆகியோரின் முயற்சியால் தெரிந்துவிட்டது. ஆனால் எந்தச் சிவப்பு எறும்பானாலும் சரி என்றே எண்ணியிருந்தனர்.

1970-களில் ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர் சரிவுகளிலேயே தங்கிக் கவனித்தார். 'மிர்மிகா சபுலெட்டி' என்ற ஒரே இன எறும்பின் புற்றில்தான் புழு நன்கு பிழைக்கிறது என்று கண்டார். அந்த எறும்புக்குச் சூடான மண் வேண்டும். புல் சுமார் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தாலே நிழல் விழுந்து மண் குளிர்ந்துவிடும். அவ்விடத்தை வேறு எறும்புகள் பிடித்துக்கொள்ளும். சரிவுகளில் மேய்ச்சல் குறைந்துவந்த நிலையில், 1950-களில் பரவிய மிக்சோமடோசிஸ் நோய் புல்லை மேய்ந்துவந்த முயல்களையும் கொன்றது. தைம் செடி இருந்தும் பூச்சி இல்லாமல் போனதன் காரணம் இதுதான். மேய்ச்சல் என்றாலே நிலத்துக்குக் கேடு என்று வகுப்பில் பல ஆண்டு சொல்லித் தந்தவன் நான். இதைப் படித்தபோது சற்று வெட்கமாக இருந்தது.

தாமசின் விடை வந்தபோது காலம் கடந்துவிட்டது. கடைசிக் கூட்டத்தைக் காப்பாற்ற முடியவில்லை. ஆயினும் புதர்களை வெட்டி, மேய்ச்சலை மீண்டும் தொடங்கி, சரிவுகளைச் சீர்படுத்தினர். 1983-இல் சுவீடனிலிருந்து புழுக்களைக் கொண்டுவந்து டார்ட்மூர் பகுதியில் விட்டனர். பின்னர் சாமர்செட் மாவட்டத்துச் சரிவுகளிலும் இப்பூச்சி நிலைகொண்டது. அங்குள்ள காலர்டு குன்றில் சூன் மாதத்தில் பொதுமக்களே இதைப் பார்க்கலாம்.