அளவை யார் முடிவு பண்றது?

மொரப்பூர்ல பக்கத்து வீட்டு அக்கா, புற்றுநோய்க்காக ஒரு மார்பகத்தை எடுத்தவங்க, "தம்பி, இம்பிளான்ட் எந்த சைஸ் வைக்கணும்?"னு கேட்டாங்க. வரலாற்றைப் புரட்டினேன்.

1962, அமெரிக்காவின் ஹூஸ்டன். பச்சை குத்தினதை அழிக்கப் போன டிம்மி ஜீன் லிண்ட்சேவுக்குத்தான், டாக்டர்கள் க்ரோனினும் ஜெரோவும் முதல் சிலிக்கோன் இம்பிளான்ட்டை வச்சாங்க. 2010ல, பிரான்சோட பிஐபி கம்பெனி தொழிற்சாலை சிலிக்கோனை அடைச்சு வித்தது அம்பலமாச்சு. 2018ல சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில இந்த சிகிச்சை இலவசமாவே வந்துச்சு.

அளவுக்குக் கணக்கு இருக்கு: மார்பின் அகலம், மிச்சமிருக்கிற தோல், மறுபக்க மார்பகம். அதை மீறிப் பெருசா வச்சா தோல் மெலியும், தொங்கும்.

அக்காகிட்ட சொன்னேன்: "சைஸைச் சொல்லாதீங்கக்கா, முதல்ல அளக்கச் சொல்லுங்க. என்ன கம்பெனின்னும் கேளுங்க."