துக்ளக்: சிரித்தவர்களும் சினந்தவர்களும்

அரங்கமே சிரிக்கையில் ஒரு பகுதியினர் மட்டும் வாய்மூடி அமர்ந்திருப்பாராயின், அந்த மௌனத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. சோ எழுதி, இயக்கி, தலைமைப் பாத்திரமேற்று நடித்து 1971 மார்ச்சில் வெளிவந்த ‘முகமது பின் துக்ளக்’ அத்தகைய சிரிப்பையும் அத்தகைய மௌனத்தையும் ஒருங்கே எழுப்பிய படம். நம் வட்டத்தில் அங்கதம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அன்பர்கள் இரு அணியாகப் பிரிவது இப்படத்தின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில்தான். பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில் அப்பிரிவின் வேரைத் தேடுவது தகும்.

கதை யாவரும் அறிந்ததே. பதினான்காம் நூற்றாண்டின் டில்லி சுல்தானும், அவன் அவைக்கு வந்த பயணி இபன் பதூதாவும் கல்லறையிலிருந்து உயிரோடு மீண்டதாக நாடு நம்புகிறது. துக்ளக் தேர்தலில் நின்று பிரதமராகிறான். கட்சி மாறி வந்தோர்க்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி வழங்குகிறான், பாரசீகத்தை ஆட்சிமொழியாக்குகிறான். உண்மையில் இருவரும் வேடதாரிகள். அரசியலின் போலித்தனத்தை மக்களுக்குக் காட்டிவிட்டு வேடத்தைக் கலைப்பதே அவர்கள் செய்துகொண்ட உறுதி. அந்த நாள் வந்தபோது துக்ளக்குக்குப் பதவி இனித்துவிடுகிறது. உண்மை பேச முனைந்த நண்பனை, துக்ளக்கின் சொல்லை நம்பிய கூட்டம் கொன்றுவிடுகிறது.

இது 1968-இல் மேடை நாடகமாகத் தோன்றியது. 1967 தேர்தலுக்குப் பின் வடமாநிலங்களில் கட்சித் தாவல் பெருகியிருந்த காலம் அது. அதைத் தடுக்கும் சட்டம் 1985-இல்தான் வந்தது. ஆட்சிமொழிச் சட்டத் திருத்தத்தால் நாடு கொந்தளித்த காலமும் அதுவே. சபாக்களில் நாடகம் பார்த்தோர் பெரும்பாலும் நடுத்தர வகுப்பினர். இந்தக் கேலி அவர்கள் மனத்தில் இருந்ததையே பேசிற்று. திரைப்படமானதும் அது வேறு மக்களிடம் வந்து சேர்ந்தது.

வடசென்னையை எண்ணிப் பாருங்கள். துறைமுகத்தில் சுமை இறக்கியவரும், எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஆலைச் சங்கு கேட்டு எழுந்தவரும் வாழ்ந்த பகுதி இது. 1949 செப்டம்பரில் இராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில், திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்தது. அங்கிருந்து சிறிது தொலைவில் உள்ள மூலக்கொத்தளம் இடுகாட்டில், 1938-இல் தொடங்கிய இந்தி எதிர்ப்புப் போரில் சிறைப்பட்டு 1939-இல் உயிர்நீத்த நடராசனும் தாளமுத்துவும் உறங்குகின்றனர். மேடைப் பேச்சு இப்பகுதி உழைப்பாளிக்கு மாலைநேரப் பள்ளிக்கூடம்; மொழி என்பது அவன் தெருவில் கல்லறையாக நிற்கும் ஒன்று. அவன் முன் மேடைப் பேச்சாளனும் மொழிக் கொள்கையும் நகைப்புக்கு உள்ளாகும்போது, நகைக்கப்படுவது ஆள்வோர் மட்டுமா, தானுமா என்ற ஐயம் எழுவது இயல்பே. இறுதிக் காட்சியில் கொலை செய்யும் கூட்டத்தைக் கண்டு, “நம்மையா மூடர் என்கிறார்?” என்று கேட்பவரைக் கட்சிப்பற்றால் கண் மறைந்தவர் என்று தள்ளிவிட இயலாது.

இசுலாமிய அன்பர்களின் மனக்குறை வேறு வகையினது. தம் சமயத்து மன்னன் ஒருவன் கோமாளியாவதை அவர்களில் பலர் விரும்பவில்லை, எதிர்ப்பும் எழுந்தது. படத்தின் தொடக்கத்தில் எம்.எஸ்.விசுவநாதனே பாடிய இறைவாழ்த்து இன்றும் அவர்களிடையே மதிக்கப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இதே மன்னனைக் கொண்டு கன்னடத்தில் கிரீஷ் கர்னாட் 1964-இல் எழுதிய நாடகமோ அவலச்சுவையினது. அங்கே துக்ளக் பெருங்கனவு கண்டு தோற்ற அறிஞன். தலைநகரைத் தேவகிரிக்கு மாற்றியதும் செப்பு நாணயம் வெளியிட்டதும் ஒருவருக்கு அழுகையையும் மற்றொருவருக்குச் சிரிப்பையும் தந்தன.

ஆதரித்தோர் கூற்றிலும் வலுவுண்டு. ஆளுங்கட்சியை, அதுவும் தேர்தல் வேளையில், நேர்நின்று நகைப்பதற்குத் துணிவு வேண்டும். படத்தைத் தடுக்க முயற்சிகள் நடந்ததாகச் சோ பின்னாளில் பலமுறை கூறியுள்ளார். ஆயினும் அத்தேர்தலில் தி.மு.க. 234 இடங்களில் 184-ஐ வென்றது. படம் பார்த்துச் சிரித்தவர்களில் பலரும் அக்கட்சிக்கே வாக்களித்திருக்க வேண்டும். சிரிக்கவும் தெரிந்து, தம் முடிவைத் தாமே எடுக்கவும் தெரிந்த அம்மக்கள், படத்தின் இறுதியில் வரும் கூட்டத்தைப் போன்றவரல்லர். இந்த இடத்தில் படம் மக்களைக் குறைத்தே எடை போட்டது என்பேன்.

ஆனால் இரு அணியினரும் காணத் தவறிய ஒன்று உண்டு. இப்படத்தில் கெட்டுப்போகிறவன் யார்? அரசியல்வாதிகள் முன்பே கெட்டவர்கள். அவர்களிடம் புதிய வீழ்ச்சி ஏதுமில்லை. வீழ்கிறவன், பிறரை நகையாடிப் பாடம் புகட்ட வந்தவன். அங்கதக்காரனே தான் அணிந்த வேடத்துக்கு இரையாகிறான். உண்மையைச் சொன்ன தோழனையும் பலிகொடுக்கிறான். சோ இப்பாத்திரத்தைப் பிறரிடம் விடாமல் தாமே ஏற்று நடித்தார். தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, படத்தின் கூரிய அம்பு எய்தவன் மேலேயே திரும்பிப் பாய்கிறது.

பத்தாண்டுகளாய்க் கவியரங்குகளில் ஆள்வோரையும் ஊரையும் எள்ளி நகையாடிக் கைதட்டல் பெற்றவர்கள் நாம். அக்கைதட்டலும் ஒரு பதவிதான். அது இனிக்கவும் செய்கிறது. அடுத்த பத்தாண்டில் பேனா எடுக்குமுன், மகாதேவன் என்ற பெயருடைய அந்த இளைஞன் ஏன் வேடத்தைக் கலைக்க மறுத்தான் என்பதை நாம் ஒவ்வொருவரும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக.