சுருட்டும் சுருட்டுக்கடையும்

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களைப் பட்டியலிடும் எவரும் கட்டுமரத்தையும் மிளகுத்தண்ணீரையும் அடுத்துச் சுருட்டைச் சேர்க்கத் தவறுவதில்லை. ஆங்கிலேயரின் ‘செரூட்’ நம் சுருட்டுதான் என்று சொல்லி அங்கேயே நிறுத்திவிடுகிறோம். செய்தி உண்மை, நிறுத்தும் இடந்தான் சரியில்லை. இச்சொல் ஒரு மொழிக்கு மட்டும் போகவில்லை. போன வழியும் ஒன்றல்ல. ஆங்கிலத்தில் அது பொருளின் ஒரு வடிவத்தை மட்டும் குறித்து ஒடுங்கியது. போர்த்துகீசில் எல்லாச் சுருட்டுக்கும் பொதுப்பெயராக விரிந்தது. சிங்களத்திலோ சொல்லும் பொருளும் அதை விற்ற கடையும் பிரியாமல் சேர்ந்தே போய்ச் சேர்ந்தன. சுருட்டு என்ற சொல்லின் வரலாற்றில் லண்டனைவிடத் தென்னிலங்கையின் சிற்றூர்க் கடைத்தெருவுக்கே முதன்மை தரவேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் சொல்லின் பிறப்பு. சுருள் என்பது தானாகச் சுருள்வது. சுருட்டு என்பது பிறர் கையால் சுருள வைப்பது. பாயைச் சுருட்டுகிறோம், துணியைச் சுருட்டுகிறோம், பிறர் பொருளைச் சுருட்டிக்கொண்டு ஓடியவனைத் திட்டுகிறோம். வினையின் முதனிலையே அந்த வினையோடு சேர்ந்த பொருளுக்குப் பெயராவது தமிழில் இயல்பு: கதவைப் பூட்டுவது பூட்டு, விறகைக் கட்டினால் கட்டு. அப்படியே இலையைச் சுருட்டியது சுருட்டு. பெயரில் புகை இல்லை, நெருப்பு இல்லை, இலையின் பெயர்கூட இல்லை. கையின் வேலை மட்டுமே இருக்கிறது. புகையிலை அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்த பயிர். இந்தி அதை ஐரோப்பியப் பெயரின் சாயலோடு ‘தம்பாக்கு’ என்று ஏற்றது. தமிழ் ‘புகையிலை’ என்றும் தெலுங்கு ‘பொகாகு’ என்றும் சொந்தச் சொற்களைக் கூட்டிப் பெயர் வைத்துக்கொண்டன. வந்த பொருள் புதிது, வைத்த பெயர் பழைய வேரில் கிளைத்தது. பொருளே அயலது என்றால் பெயரும் அயற்சொல்லின் திரிபாக இருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை. புகையிலை இம்மண்ணில் முளைப்பதற்கு முன்பே தமிழர் எத்தனையோ பொருள்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவற்றுள் ஒன்று வெற்றிலை. அதை மடித்துச் சுருட்டி நீட்டுவது விருந்தோம்பலின் அடையாளம். வெற்றிலைச் சுருள் என்பது பழகிய சொல். வைணவ வழக்கில் இறைவனுக்குப் படைக்கும் வெற்றிலை சுருளமுது எனப்படும். தென் மாவட்டத் திருமண வீடுகளில் சுருள் வைப்பது இன்றும் உண்டு. வடக்கிலும் இதே கதைதான். பீடி என்ற சொல், வெற்றிலைச் சுருளைக் குறிக்கும் ‘பீடா’வின் உறவு, இரண்டும் வடமொழி வீடிகையிலிருந்து வந்தவை. ஆக, தெற்கிலும் வடக்கிலும் புகையிலைச் சுருளுக்குப் பெயர் கொடுத்தது வந்தவருக்கு நீட்டிய வெற்றிலைச் சுருளோடு ஒட்டிய சொற்களே. இது தற்செயல் என்று நான் கருதவில்லை. வந்தவருக்கு ஓர் இலையைச் சுருட்டிக் கொடுக்கும் பழக்கம் முன்பே இருந்ததால்தான் புதிய இலை இவ்வளவு எளிதாக அந்த இடத்தில் அமர்ந்தது. விராலிமலை முருகனுக்குச் சுருட்டு படைப்பதையும் கருப்பசாமிக்கும் முனீஸ்வரனுக்கும் சுருட்டு கொளுத்தி வைப்பதையும் வியப்போடு பார்ப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம். வீட்டுக்கு வந்தவருக்குக் கொடுப்பதைச் சாமிக்கும் கொடுக்கிறார்கள்.

இனிப் பயணம். 1669இல் சென்னைக் கோட்டைக்கு வந்த தாமஸ் பௌரி என்ற ஆங்கிலக் கடல் வணிகர், வங்கக் கடலைச் சூழ்ந்த நாடுகளைப் பற்றி 1679 வரையிலான செய்திகளை எழுதிவைத்தார். அச்சில் அது வந்தது 1905இல். தெலுங்கரும் தமிழருமான ஏழை மக்கள் புகையிலையை அப்படியே சுருட்டி, ஒரு நுனியைக் கொளுத்தி மறு நுனியை உதட்டில் வைத்துப் புகைப்பதை அதில் குறிக்கிறார். அதற்குப் போர்த்துகீசியர் ‘செரூட்டா’ என்ற பெயரை வழங்குவதாகவும் சொல்கிறார். இந்தக் குறிப்பை ஊன்றிப் படிக்கவேண்டும். ஆங்கிலேயர் அச்சொல்லைத் தமிழர் வாயிலிருந்து நேரே எடுத்ததாக இதில் இல்லை. இடையில் போர்த்துகீசியர் நிற்கிறார்கள். இன்றும் லிஸ்பனிலும் பிரேசிலிலும் எந்தச் சுருட்டும் ‘சருட்டு’தான், ஹவானாவில் செய்ததையும் அப்படியே அழைக்கிறார்கள். கியூபாவின் பொருளுக்குப் பிரேசில்காரர் தமிழ்ப் பெயரிட்டு அழைப்பது ஆங்கில அகராதியில் ஒரு பதிவு கிடைப்பதைவிடப் பெரிய செய்தி. ‘சிகார்’ என்ற ஸ்பானிய வழிச் சொல் ஆங்கில எழுத்தில் தலைகாட்டுவது 18ஆம் நூற்றாண்டில். அதற்கு முந்திய நூற்றாண்டிலேயே நம் சொல் ஓர் ஆங்கிலேயரின் ஏட்டில் ஏறிவிட்டது. தமிழ் உரைநடையிலும் சான்று பிந்தியதல்ல. 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதையில், ஆறு தூங்குகிறதா என்று சோதிக்கச் சீடன் கொண்டுபோகும் கொள்ளிக்கட்டை சுருட்டுக் கொளுத்த வைத்திருந்தது. சிரிப்புக் கதையில் விளக்கமின்றி வருமளவுக்குச் சுருட்டு அன்றாடப் பொருளாகிவிட்டது என்று இதிலிருந்து கொள்ளலாம்.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். தமிழர் ‘சு’ என்று மெல்ல ஒலிப்பதை அயலார் ஏன் ‘செ’ என்று வல்லொலியில் எழுதினார்கள் என்பது ஒன்று. சொல் முதற் சகரத்தை ‘ச்ச’ போல வன்மையாக ஒலிப்பதே பழைய ஒலிப்பு. மலையாளம் அதைக் காத்து இன்றும் அவ்வாறே ஒலிக்கிறது. போர்த்துகீசியர் அக்காலத்தில் எழுதிய எழுத்தும் அந்த வல்லொலிக்கு உரியதுதான். மற்றொன்று, அப்படியானால் மலையாளத்திலிருந்தே போயிருக்கலாமே என்பது. போர்த்துகீசியர் முதலில் கால் ஊன்றியது மலபார்க் கரை என்பதால் இது வலுவான கேள்வி. வடிவத்தை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. சொல் இரு மொழிக்கும் பொது. ஆனால் பௌரி பார்த்தது கிழக்குக் கடற்கரை. அவர் ஏட்டில் வரும் ‘மலபாரிகள்’ என்ற பெயரால் அங்கே ஆங்கிலேயர் அக்காலத்தில் அழைத்தது தமிழரையே. ஆகவே தமிழுக்கே சான்று கூடுதல் என்கிறேன். மலையாளத்துக்குப் பங்கில்லை என்று சொல்லமாட்டேன்.

ஆங்கிலத்தில் சொல்லுக்கு நேர்ந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஹவானாச் சுருட்டின் வாய்ப்பக்கம் இலைத்துண்டால் மூடி ஒட்டப்பட்டிருக்கும், வெட்டித்தான் புகைக்கவேண்டும். நம் சுருட்டு இரு பக்கமும் திறந்தது. ஐரோப்பாவில் ‘சிகார்’ பரவியதும், ‘செரூட்’ என்பது இரு முனையும் நறுக்கிய கீழ்நாட்டுச் சுருட்டுக்கு மட்டும் ஆயிற்று. 1886இல் வெளிவந்த, யூல், பர்னெல் இருவரும் தொகுத்த ஆங்கிலோ-இந்தியச் சொற்களின் அகராதி இந்த ஒடுக்கத்தைப் பதிவுசெய்கிறது. தமிழ் மூலத்தையும் காட்டுகிறது. உறையூரும் திண்டுக்கல்லும் சுருட்டுக்குப் பெயர்பெற்று, ‘திருச்சினாப்பள்ளி’ என்றாலே ஒரு வகைச் சுருட்டு என்று லண்டனில் பொருளாயிற்று. 1887இன் முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையில் துப்பறிபவர் சாம்பலைக் கண்டு அடையாளம் சொல்வது அந்தச் சுருட்டைத்தான். இவ்வளவு புகழிலும் சுருட்டைச் சுற்றிய கையோ அதை விற்ற கடையோ அச்சொல்லோடு கடல் கடக்கவில்லை.

இலங்கையில் நடந்தது வேறு. சிங்களத்தில் சுருட்டுக்குப் பெயர் ‘சுருட்டு’தான். இதுவும் போர்த்துகீசியர் வழி வந்திருக்கக் கூடாதா? அவர்கள் அத்தீவின் கரையோரத்தை ஒன்றரை நூற்றாண்டு ஆண்டவர்கள். இந்த மறுப்புக்குச் சிங்கள ஒலியே விடை தருகிறது. போர்த்துகீசின் தகரம் சிங்களத்தில் பல்லொலியாகவே இறங்கும். அவர்களுடைய ‘சப்பாத்து’ சிங்களத்தில் ‘சபத்து’ ஆனது. யாழ்ப்பாணத்தில் நாமும் ‘த்து’ என்றே சொல்கிறோம். சுருட்டு அந்த வழியே வந்திருந்தால் ‘சருத்து’ போல ஏதோ ஒன்றாக இருந்திருக்கும். சிங்களச் சொல்லிலோ நாவை மடித்து ஒலிக்கும் ‘ட்டு’ இருக்கிறது. முதல் உகரமும் கெடவில்லை. ஆகவே அது தமிழர் வாயிலிருந்து நேரே போனது. (இந்தோனேசியரின் ‘செருத்து’ எந்த வழியே போனது என்பதை இந்தச் சோதனையால் தீர்க்க முடியாது.)

நேரே போன சொல் தனியாகவும் போகவில்லை. தென்னிலங்கைச் சிற்றூர்களில் யாழ்ப்பாணத்தார் நடத்திய கடைக்குச் சிங்களவர் வைத்த பெயர் ‘சுருட்டுக் கடே’. ‘கடே’ நம் கடை. அதை நடத்துபவர் ‘முதலாளி’. அச்சொல் சிங்களத்தில் வணிகர் என்ற பொருளில் நிலைத்துவிட்டது. கையில் கொடுக்கும் பணம் ‘சல்லி’. ஆக, ஒரு சிங்களக் கிராமத்தவர் மாலையில் கடைக்குப் போய்ச் சுருட்டு வாங்கினார் என்பதைச் சொல்லும்போது பாதிச் சொற்கள் தமிழாக இருக்கும். இச்சொற்களை எந்தப் புலவரும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. புங்குடுதீவு, காரைநகர் போன்ற தீவுப்பகுதி ஊர்களிலிருந்தும் குடாநாட்டின் பிற ஊர்களிலிருந்தும் கிளம்பிய சிறு வணிகர்கள் கொண்டுபோனார்கள். அவர்களுடைய ஊரில் புகையிலை முக்கியப் பணப்பயிர். ஒல்லாந்தர் காலம் முதலே அது திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியானது. அந்தச் சந்தை சுருங்கச் சுருங்க, சுருட்டாகச் சுற்றித் தெற்கே அனுப்புவது பெருகியது. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் வரிசையாக அமர்ந்து கைகள் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிப்பது வழக்கமாக இருந்தது. ஹவானாவில் 1865 முதல் தொழிற்சாலைகளில் வாசகர் அமர்த்தப்பட்டது உலகறிந்த செய்தி. நம் கொட்டில்களைப் பற்றி அவ்வளவு எழுதப்படவில்லை.

சுருட்டுக்கடையில் சுருட்டு மட்டும் விற்கவில்லை என்பதே பெயருக்கு எதிரான சான்றல்லவா என்று கேட்கலாம். வெற்றிலை, பாக்கு, பனங்கட்டி, வாழைப்பழம், பத்திரிகை எல்லாம் இருந்தன, கடனும் கிடைத்தது. எதனால் அதற்கு மளிகைக்கடை என்ற பொருளில் வேறு பெயர் அமையவில்லை? யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சுருட்டே அக்கடையைப் பிறவற்றிலிருந்து வேறுபடுத்தியது என்பது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு என்பது என் எண்ணம். அரிசி வாங்கியவர் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். சுருட்டு வாங்கியவர் அங்கேயே கொளுத்திக்கொண்டு சற்று நேரம் நின்று பேசுவார். கடைக்குப் பெயர் கொடுத்தது ஆளை நிறுத்திவைத்த பொருள். மேலைநாட்டுச் சிறு நகரங்களில் இன்று சாய்வு நாற்காலிகள் போட்டு நடத்தும் சிகார் கடைகள் அந்த நிறுத்திவைத்தலையே தொழிலாக்கியிருக்கின்றன. தெற்கின் சுருட்டுக்கடையில் அது விலையில்லாமல் நடந்தது; அதுவும் ஒரு மொழிக்காரரின் கடை வாசலில் வேறொரு மொழிக்காரர் நின்று.

இதை எழுதுவதால் புகையிலைக்குப் பரிந்து பேசுவதாக எவரும் கொள்ளவேண்டாம். சுருட்டு புற்றுநோய் தரும். இந்தியாவின் 2008ஆம் ஆண்டுப் பொது இடத் தடையும் இலங்கையின் 2006ஆம் ஆண்டுச் சட்டமும் வரவேற்கத்தக்கவை. பொருள் மறைந்தால் நல்லதே. சொல்லோடு ஒட்டியிருந்த உறவு மறைந்ததற்கு அச்சட்டங்கள் காரணமல்ல. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் தென்னிலங்கையில் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன. முதலாளிகள் ஊருக்கோ கப்பலுக்கோ ஓடினார்கள், பலர் திரும்பவில்லை. ‘சுருட்டுக் கடே’ என்ற பெயர் மட்டும் சிங்கள முதியோர் பேச்சில் தங்கியது. அக்கடைகளில் சிறுவர்களாக வேலைக்கு நின்றவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது. யாழ்ப்பாணம், கொழும்பு, லண்டன், டொராண்டோ என்று சிதறியிருக்கும் அவர்களிடம் கடையின் பெயர், இருந்த ஊர், விற்ற சுருட்டின் வகை, வாடிக்கையாளர் அழைத்த முறை, கணக்குப் புத்தகத்தில் எழுதிய சொற்கள் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துவையுங்கள். கேட்க இன்னும் சில ஆண்டுகளே இருக்கின்றன.