பேசாத நாயகர்கள்: வீடியோ கேம்களில் மௌனத்தின் இரு வழிகள்

வீடியோ கேம்களில் பேசாத நாயகர்கள் இரு வகைப்படுவர். ஒரு வகையினருக்கு வாய் மட்டுமல்ல, முகமே கிடையாது எனலாம். ஆடுபவர் இட்ட பெயரே அவர்கள் பெயர். ஆடுபவருக்குத் தோன்றும் அச்சமும் ஆசையுமே அவர்களுடைய அச்சமும் ஆசையும். மற்ற வகையினரும் ஒரு சொல் பேசுவதில்லை. ஆனால் திடுக்கிடுகிறார்கள், புன்னகைக்கிறார்கள், கோபத்தில் கை முறுக்குகிறார்கள். உள்ளத்தில் எழுவது உடலில் புலப்படுவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டு, அதற்கென ஓர் இயலையே வகுத்தது தொல்காப்பியம். அந்தச் சொல்லைக் கொண்டு இரண்டாம் வகையினரை மெய்ப்பாட்டு நாயகர் என்றும், முதல் வகையினரை எழுதாப் பலகை என்றும் குறிக்கலாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பேச்சில் இல்லை. திரையில் நடப்பதற்கு எழும் உணர்ச்சி யாருடையது என்பதில் இருக்கிறது. எழுதாப் பலகைக்கு உணர்ச்சியை ஆடுபவர்தான் கொண்டுவர வேண்டும். மெய்ப்பாட்டு நாயகனிடம் அது முன்பே இருக்கிறது. ஆடுபவர் அதில் பங்குகொள்கிறார்.

எழுதாப் பலகையின் வேர் படமே இல்லாத கேம்களில் இருக்கிறது. 1976இல் வில் கிரவுதர் எழுதி, 1977இல் டான் வுட்ஸ் விரிவாக்கிய ‘அட்வென்ச்சர்’ முழுக்க முழுக்க எழுத்தாலானது. கணினி ஆடுபவரை முன்னிலையில் விளித்து, எதிரே என்ன தெரிகிறது என்று சொல்லும். ஆடுபவர் ஓரிரு சொற்களைத் தட்டச்சு செய்து கட்டளையிடுவார். எம்.ஐ.டி.யில் பிறந்த ‘சோர்க்’ அதே வழியில் சென்றது. நாயகன் ஏன் பேசவில்லை என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை, ஏனெனில் நாயகன் என்று தனியே ஒருவர் இல்லை. 1997இல் வந்த ‘சோர்க் கிராண்ட் இன்க்விசிட்டர்’தான் அந்த ஆளுக்கு ஒரு பெயர் சூட்டியது: வயதில்லாதவர், முகமில்லாதவர், பாலும் பண்பாடும் தெரியாதவர் என்று அடுக்கிக்கொண்டே போகும் நீண்ட தொடரின் முதலெழுத்துகளைக் கோத்த பெயர் அது.

ஜப்பானில் இந்த மரபைப் படத்தோடு இணைத்தவர் யூஜி ஹோரி. 1983இல் அவர் உருவாக்கிய ‘போர்ட்டோபியா’ கொலை வழக்கில் துப்பறிவாளர் திரையில் தோன்றுவதே இல்லை. உதவியாளர் யாசுதான் எல்லாவற்றையும் பேசுகிறார். 1986இல் ஃபேமிகாம் என்னும் கேம் கருவிக்கு வந்த ‘டிராகன் குவெஸ்ட்’டில் நாயகனுக்கு உடல் வந்தது, பேச்சு வரவில்லை. கேம் முழுவதும் 64 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டியிருந்தது. ஜப்பானியப் பதிப்பில் நாயகனின் உருவம் எப்போதும் ஆடுபவரைப் பார்த்தபடியே நின்றது. பக்கவாட்டில் நடந்தாலும் நண்டு போலத்தான் நகர்ந்தது. யாரிடமாவது பேச வேண்டுமென்றால் திசையையும் தனியே தேர்ந்தெடுக்க வேண்டும். திரும்பிப் பார்க்கக்கூடத் தெரியாத அந்தச் சிறு உருவத்தில் உணர்ச்சி எதையும் எழுத இடமிருக்கவில்லை.

அவனிடம் இருந்த சொற்கள் இரண்டு: ஆம், இல்லை. அவற்றையும் ஆடுபவர்தான் தேர்ந்தெடுத்தார். மீட்கப்பட்ட இளவரசி தன்னையும் அழைத்துப் போகச் சொல்வாள். ‘இல்லை’ என்றால் மறுபடியும் அதே கேள்வி. எத்தனை முறை மறுத்தாலும் ‘ஆம்’ என்று சொல்லும்வரை கதை நகராது. இறுதியில் எதிரியான டிராகன் அரசன் பாதி உலகைத் தருவதாகச் சொல்லி அழைக்கும்போது ‘ஆம்’ என்றால் ஆட்டம் முடிந்தது. எழுதாப் பலகையின் எல்லை இந்த இரு காட்சிகளிலேயே தெளிவாகிவிடுகிறது. பலகையில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்பது வாக்குறுதி. கதை ஏற்பதை மட்டுமே எழுதலாம் என்பது நடைமுறை. ஆயினும் இந்த வடிவம் ஹோரியின் கையில் வளர்ந்தது. 1992இன் ‘டிராகன் குவெஸ்ட் 5’ நாயகனைச் சிறுவனாகக் காட்டி, தந்தையை இழக்கச் செய்து, அடிமையாக்கி, மணம் முடித்து, அவனையே தந்தையாகவும் ஆக்கியது. மணமகள் யார் என்பதை ஆடுபவரே முடிவு செய்தார். தேர்வுக்கு இருந்தவர்களில் ஒருத்தி அவனுடைய குழந்தைப் பருவத் தோழி. அந்த நட்பை ஆடுபவரும் கேமுக்குள் வாழ்ந்திருப்பதால்தான் அந்தத் தேர்வு கனக்கிறது; நாயகன் பேசியிருந்தால் அந்தக் கனம் அவனுடையதாகியிருக்கும்.

அதே 1986இல் பிறந்த ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’வின் நாயகன் லிங்க். ஆடுபவரையும் கேம் உலகையும் இணைப்பவன் என்ற பொருள் அந்தப் பெயரிலேயே அடங்கியிருக்கிறது. தொடக்கத்தில் அவனும் டிராகன் குவெஸ்ட் நாயகனும் ஒரே இனம். பின்னர்தான் வழிகள் பிரிந்தன.

பிரிவுக்குக் காரணம் பெரும்பாலும் உருவத்தின் அளவு. சூப்பர் ஃபேமிகாமில் சிறு உருவங்கள் தலையாட்டவும் கைவிரிக்கவும் போதுமான படங்கள் கிடைத்தன. 1995இன் ‘குரோனோ டிரிக்கர்’ நாயகன் குரோனோ ஏறத்தாழ முழு ஊமை; மாற்று முடிவுகளில் ஒன்றில் மட்டும் வாய் திறக்கிறான். அவனுடைய குணத்தைக் கேம் அறிந்துகொள்ளும் முறை வியப்பானது. தொடக்கத் திருவிழாவில் மோதி விழுந்த பெண்ணை முதலில் கவனித்தானா, அவளுடைய பதக்கத்தை எடுக்க ஓடினானா, முதியவரின் உணவை எடுத்துத் தின்றானா என்பதையெல்லாம் கேம் குறித்து வைத்திருக்கும். பிறகு நீதிமன்றத்தில் அவை சாட்சியாக வரும். விளையாட்டாகச் செய்தவை ஒருவனின் ஒழுக்கமாகத் திரும்பி வந்து நிற்கின்றன. இது எழுதாப் பலகையின் உச்சம்: ஆடுபவர் அறியாமலே எழுதியதை அவருக்கே படித்துக் காட்டுகிறது. அதே கேம் நடுவில் குரோனோவைத் தோழர்களைக் காக்க முன்சென்று உயிர்விடச் செய்கிறது. அந்த முடிவை ஆடுபவரிடம் கேட்பதில்லை. ஒரே ஆளில் இரு வகைகளும் சேர்ந்திருப்பதற்கு இதைவிட நல்ல சான்று அந்தக் காலத்தில் இல்லை.

அடுத்த ஆண்டு ஸ்கொயர் நிறுவனம் நின்டெண்டோவுக்காகச் செய்த ‘சூப்பர் மாரியோ ஆர்.பி.ஜி.’ மெய்ப்பாட்டை முழு நடிப்பாக்கியது. நடந்ததை விவரிக்கும்படி யாராவது கேட்டால் மாரியோ ஊமைக்கூத்து ஆடுகிறான். தேவைப்பட்டால் கதையில் வரும் மற்றவர்களின் உருவத்தையே எடுத்துக் காட்டுகிறான். அவன்தான் மாரியோ என்று நம்பாதவர்களுக்கு ஒரு குதி குதித்துக் காட்டுகிறான், உடனே நம்பிவிடுகிறார்கள். பத்தாண்டுகளாக ஆடுபவர் அழுத்திய குதிக்கும் பொத்தான் இங்கே ஒருவனின் கையொப்பமாகிறது.

நாயகனின் கண் வழியே உலகைக் காட்டும் துப்பாக்கிச் சுடும் கேம்கள் வேறொரு சிக்கலைச் சந்தித்தன. அங்கு நாயகனின் உடலே தெரியாது. 1993இன் ‘டூம்’ திரையின் அடியில் ஒரு சிறு முகத்தை வைத்தது. அடிபட்ட திசையில் அது திரும்பும், உயிர் குறையக் குறைய இரத்தம் வழியும், புதிய ஆயுதம் கிடைத்தால் பல் தெரியச் சிரிக்கும். பெயரில்லாத அந்தப் படைவீரனுக்கு இந்த முகமே மெய்ப்பாடு. 1998இல் வந்த, வால்வ் நிறுவனம் உருவாக்கிய ‘ஹாஃப்-லைஃப்’ அந்த முகத்தையும் நீக்கியது. அதன் நாயகர் கோர்டன் ஃபிரீமேன் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற இயற்பியலாளர்; அவருக்குத் தாடியும் கண்ணாடியும் உண்டு என்பது அட்டையிலிருந்து தெரியும். ஆட்டத்திற்குள் அவர் குரலும் இல்லை, உருவமும் இல்லை. ஆடுபவரின் கட்டுப்பாட்டைப் பறித்துக்கொண்டு ஓடும் இடைக்காட்சிகளும் கிடையாது. மற்றவர்கள் பேசும்போது அவர் மேசை மேல் ஏறலாம், சுவரைப் பார்க்கலாம். 2004இன் இரண்டாம் பாகத்தில் காவலன் ஒருவன் கீழே கிடக்கும் டப்பாவை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போடச் சொல்வான். பணிந்து போடலாம், அவன் முகத்திலேயே வீசவும் செய்யலாம். அடக்குமுறை நகரம் ஒன்றில் வந்து இறங்கியவரின் மனநிலையை அந்த ஒரு டப்பா சொல்லிவிடுகிறது. எழுதாப் பலகை இவ்வளவு நேர்மையாக வேறெங்கும் நடத்தப்பட்டதில்லை.

அதே நிறுவனத்தின் ‘போர்ட்டல் 2’ (2011) நாயகி செல் கண்விழிக்கும்போது, வீட்லி என்னும் இயந்திரம் அவளை ஒரு சொல் சொல்லிக்காட்டச் சொல்கிறது. பொத்தானை அழுத்தினால் அவள் குதிக்கிறாள். மூளை பாதித்திருக்கிறது என்று வீட்லி முடிவுகட்டுகிறது. 1996இல் மாரியோவை அடையாளம் காட்டிய அதே குதி, பதினைந்து ஆண்டு கழித்துத் தவறான விடையாகிவிட்டது.

முப்பரிமாண முகத்தில் மெய்ப்பாட்டைத் தேர்ந்த கலையாக்கியது செல்டா வரிசை. 2000இன் ‘மஜோராஸ் மாஸ்க்’கில் உருவத்தை மாற்றும் முகமூடிகளை அணியும்போது லிங்க் வலியில் அலறுகிறான். எய்ஜி அவோனுமா இயக்கி 2002 இறுதியில் ஜப்பானில் வந்த ‘தி விண்ட் வேக்கர்’ அதையும் தாண்டிச் சென்றது. அதன் கார்ட்டூன் தோற்றம் அறிவிக்கப்பட்டபோது ரசிகர் பலர் கொதித்தனர். ஆனால் பெரிய கண்களுள்ள அந்த முகத்தில்தான் முதன்முறையாக லிங்க் ஒரு சிறுவனாகத் தெரிந்தான். கப்பல் தீவை விட்டு நகரும்போது பாட்டி நிற்கும் கரையை நோக்கிக் கையசைத்துக்கொண்டே இருக்கிறான். கவண் மூலம் பீப்பாயோடு கோட்டைக்குள் எறியப்படப்போகும் நொடியில் அவன் முகத்தில் தெரிவது வீரம் அல்ல, பயம். அவன் கண்கள் ஆட்டத்திலும் பயன்பட்டன. அருகில் முக்கியமான பொருள் இருந்தால் அவன் பார்வை அங்கே திரும்பும். அதைக் கவனித்தவர் புதிரை விடுவிக்கலாம். ஆடுபவர் நாயகனின் கண் வழியே பார்ப்பது பழைய முறை. இங்கே ஆடுபவர் நாயகனின் கண்ணையே பார்க்க வேண்டியிருந்தது.

எளிய கோட்டுருவ முகத்தில் வாசகர் தன்னைக் காண்பார், விவரமான முகத்தில் மற்றவரைக் காண்பார் என்று ஸ்காட் மெக்ளவுட் 1993இல் காமிக்ஸ் பற்றி எழுதிய நூலில் வாதிட்டார். ‘விண்ட் வேக்கர்’ இதற்கு ஒரு திருத்தம் சொல்கிறது: எளிய முகமாக இருந்தும் லிங்க் மற்றவனாகவே நிற்கிறான், ஏனெனில் அந்த முகம் அசைகிறது. 2002இல் கேம் ஆய்வாளர் ஜேம்ஸ் நியூமன் வேறு கோணத்தில் வாதிட்டார். ஆடும் வேளையில் பாத்திரம் ஒரு தோற்றம் அல்ல, செய்யக்கூடிய செயல்களின் தொகுப்பு என்பது அவர் கருத்து. ஓடும்போதும் சுடும்போதும் அது பொருந்துகிறது. கை நிற்கும்போது, அதாவது இடைக்காட்சியில், பொருந்துவதில்லை. மெய்ப்பாட்டு நாயகன் பிழைப்பது அந்த இடைவெளியில்தான்.

அந்த இடைவெளியை ஷிகேசாடோ இடோயின் ‘மதர் 3’ (2006) அளவுக்கு வலிக்கப் பயன்படுத்திய கேம் வேறில்லை. அதில் அத்தியாயம் மாற மாற நாயகனும் மாறுகிறான். யார் ஆடுபவரின் கைக்கு வருகிறாரோ அவர் மௌனமாகிறார். முதல் அத்தியாயத்தின் பெரும்பகுதியில் நாயகன் ஃபிளிண்ட், இரு பிள்ளைகளின் தந்தை. ஊரார் தீ மூட்டிச் சுற்றி நிற்கும் இரவில் மனைவி ஹினாவா இறந்த செய்தி அவனிடம் சொல்லப்படுகிறது. பொத்தான்கள் செயலிழக்கின்றன. ஃபிளிண்ட் தரையைக் குத்துகிறான். எரியும் கட்டையை எடுத்துத் தேற்ற வந்தவர்களையே அடிக்கிறான். கடைசியில் அவனை அடித்து வீழ்த்த வேண்டியிருக்கிறது. குரலும் இல்லை, முகவிவரமும் இல்லை, கேம்பாய் அட்வான்ஸின் 240க்கு 160 புள்ளித் திரையில் விரலளவு உருவம். அதுவரை தன் கைப்பாவை என்று நினைத்த ஒருவன் தன்னால் தாங்க முடியாத துயரத்தோடு தன் பிடியிலிருந்து நழுவுவதை ஆடுபவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இதற்கிடையே குரல் வந்தது. 2001இன் ‘ஜி.டி.ஏ. 3’ நாயகன் கிளாட் பேசவில்லை. அடுத்த ஆண்டே ‘வைஸ் சிட்டி’ நாயகனுக்கு நடிகர் ரே லியோட்டா குரல் கொடுத்தார். 2007இன் ‘மாஸ் எஃபெக்ட்’ ஆடுபவர் வடிவமைத்த நாயகரையும் பேசவைத்தது. ‘ஃபால்அவுட் 4’ (2015) நாயகர் இருவருக்கும் தலா 13,000க்கும் மேற்பட்ட வரிகள் பதிவாயின. விடைகள் நான்காகச் சுருங்கின, ரசிகர்கள் முறையிட்டனர். ‘ஃபால்அவுட் 4’ஐ உருவாக்கிய நிறுவனமே 2023இல் ‘ஸ்டார்ஃபீல்டு’ நாயகரை மீண்டும் ஊமையாக்கியது. குரல் கொடுப்பது எப்போதும் முன்னேற்றம் என்ற எண்ணம் தவறு என்பதை மெட்ராய்டு வரிசையும் காட்டுகிறது. 2010இன் ‘அதர் எம்’ அதன் நாயகி சாமஸை நிறையப் பேசவைத்தது. பலருக்கு அது உவக்கவில்லை. 2021இன் ‘டிரெட்’ அவளுக்கு உடலைத் திருப்பிக் கொடுத்தது. பழைய எதிரி கிரெய்டு சங்கிலியில் உறுமும்போது அவள் பதறாமல் துப்பாக்கியைத் தயார்செய்து அதன் வாய்க்குள் சுடுகிறாள். முப்பத்தைந்து ஆண்டு அனுபவம் அந்தக் கை அசைவில் இருக்கிறது.

மௌனத்தையே கதைப்பொருளாக்கிய கேம்கள் தனி மரபு. ‘பயோஷாக்’ (2007) நாயகன் ஜாக் தனக்கு இடப்பட்ட பணிகளை மறுபேச்சின்றிச் செய்வது, அவன் மனத்தில் விதைக்கப்பட்ட ஒரு மரியாதைச் சொற்றொடரின் விளைவு என்று பிற்பாடு தெரியும். ஆடுபவரும் அதே வேளையில் அதே காரியத்தை மறுபேச்சின்றிச் செய்தவர்தான். டோபி ஃபாக்ஸின் ‘அண்டர்டேல்’ (2015) தொடக்கத்தில் ஒரு பெயரைக் கேட்கிறது. அது தான் இயக்கும் குழந்தையின் பெயரல்ல என்று ஆடுபவர் வெகுநேரம் கழித்து அறிகிறார். 2018இல் வந்த ‘டெல்டாரூன்’ முதல் அத்தியாயம் ஆடுபவரை ஓர் உடலைப் பொறுமையாக வடிவமைக்கச் செய்து, அதைத் தூக்கியெறிந்துவிட்டு, கிரிஸ் என்ற பதின்வயதினரைக் கையில் தருகிறது. இறுதியில் கிரிஸ், ஆடுபவர் இயக்கும் சிவப்பு இதயத்தைத் தன் மார்பிலிருந்து பிடுங்கிக் கூண்டில் எறிகிறார். ஆடுபவரால் அப்போது அசைக்க முடிவது கூண்டுக்குள் கிடக்கும் அந்த இதயத்தை மட்டுமே.

2017இன் ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’டில் மற்றவர்கள் குரலோடு பேசினர்; லிங்க் பேசவில்லை, அவன் பெயரையும் இனி மாற்ற முடியவில்லை. இளவரசியின் நாட்குறிப்பு காரணம் சொல்கிறது: எல்லாரும் பார்க்கும் இடத்தில் உறுதியாக நிற்கவும், சுமைகளை அமைதியாகத் தாங்கவும் வேண்டும் என்று அவன் கருதுகிறான். முப்பது ஆண்டு மரபு அங்கே ஒருவனின் குணமாக மாறுகிறது. ஜப்பானியப் பதிப்பின் பணிக்குறிப்புகள் லிங்கே எழுதியவை போலத் தன்மையில் அமைந்திருந்தன; ஆங்கிலப் பதிப்பில் அது இழக்கப்பட்டது. ஒரே கேம் ஒரு மொழியில் மெய்ப்பாட்டு நாயகனையும் இன்னொரு மொழியில் எழுதாப் பலகைக்கு அருகில் நிற்பவனையும் கொண்டிருந்தது.

2024இல் பெர்சோனா வரிசையின் கட்சுரா ஹாஷினோவுடன் நடந்த உரையாடலில், படத்தரம் உயர உயர வெறுமனே நிற்கும் நாயகன் முட்டாளாகத் தெரிவான் என்று ஹோரி கவலைப்பட்டார். ஃபேமிகாம் காலத்தின் எளிய உருவத்தில் ஆடுபவர் தம் உணர்ச்சியை எளிதாக ஏற்ற முடிந்தது என்றும் கூறினார். பெர்சோனா நாயகர்களை விடைத்தேர்வுகளால் மட்டும் பேசவைத்து வந்த ஹாஷினோ, அதே ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட ‘மெட்டாஃபர்: ரீஃபேன்டசியோ’வில் நாயகனுக்குக் குரல் கொடுத்தார்.